டேங்க்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி மூடியைத் தொற, பேராண்டி!

வாப்பா, வா. கூரியர்காரன் பொட்டலம் கொண்டாந்து குடுத்துட்டானாமே! ஊட்டமலை பூராவும் அதே பேச்சு. பெட்ரோல் ஃபில்டர் வாங்கிட்டே, செல்போன்ல வீடியோ பாத்துட்டே, பக்கத்து வீட்டுல ஸ்பேனர் செட்டும் கடன் கேட்டுட்டே. இன்னும் என்ன பாக்கி? நல்ல நேரம் குறிக்க வேண்டியதுதான். உங்க ஆயா ஒரு தேங்காயும் உடைப்பா. அது வண்டிக்கா உனக்கான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

பரிசல் ஓட்டுன கெழவனுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்னு நினைக்கிறே. நல்லா நினை. பிலிகுண்டுலுவுல காவிரித் தண்ணி அளவு ஏறுச்சின்னா இங்க பரிசலுக்குத் தடை. தடை போட்டா எங்களுக்குப் போக்கிடம் ஏது? மெக்கானிக் கடை பெஞ்சிதான். வெள்ளம் வடியற வரைக்கும் அங்கயே குந்திக்கிட்டு, பெங்களூர்லேர்ந்தும் சேலத்துலேர்ந்தும் ஞாயித்துக்கிழமை குளிக்க வர்ற பெரிய பெரிய வண்டிங்களைப் பிரிச்சுப் போட்டிருக்கறதைப் பாத்துப் பாத்தே அரை மெக்கானிக் ஆனவன் நானு. முழு மெக்கானிக் ஆகாததுக்குக் காரணம், யார் வண்டியிலயும் கை வைக்கலை. அதனாலதான் ஊருக்குள்ள இன்னும் மரியாதை இருக்குது.

சரி, ஃபில்டரை எதுக்கு மாத்தப் போறே? "பென்னாகரம் மேட்டுல திணறுது தாத்தா." ம். பின்னாடி ரெண்டு பேரை உக்கார வெச்சு, டேங்க் மேல ஒரு பையை வெச்சு, காட்டு வழியில அத்தனை வளைவும் ஏறணும். திணறாம பாட்டா பாடும்?

இருந்தாலும் நீ சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. ஃபில்டர் அடைச்ச வண்டி நின்ன எடத்துல ஒழுங்கா ஓடும். சமதரையில மெதுவாப் போனா ஒரு குறையும் காட்டாது. மேட்டுல முறுக்குற நேரத்துல, எஞ்சின் கூடுதலா பெட்ரோல் கேக்கற நேரத்துலதான் கையை விரிக்கும். உன் வண்டியும் அதைத்தான் பண்ணுது. ஆனா கண்ணு, காத்து ஃபில்டர்ல புழுதி அடைச்சாலும் அதேதான் பண்ணும். கிளட்ச் தேஞ்சா எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. ப்ளக் கருகிப் போனாலும் திக்கும். இத்தனையும் இருக்க, வீடியோக்காரன் சொன்னான்னு எல்லாத்துலயும் கஷ்டமான எடத்துல போய்க் கை வைக்கறே பாரு, உன் தைரியத்தை மெச்சணும்.

ஒரே ஒரு சமாச்சாரத்தை மட்டும் நின்னு கேட்டுட்டுப் போ. பெட்ரோல் டேங்க் மூடி இருக்குதில்ல, அதுல காத்து போக ஒரு சின்ன வழி வெச்சிருப்பான். பெட்ரோல் கீழ எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். நீ வாராவாரம் சோப்புத் தண்ணி பீச்சி அடிக்கறே, அதுக்கு மேல காட்டு ரோட்டுப் புழுதி. வழி அடைச்சுக்கும். டேங்க் உள்ள வெத்திடம் ஆயிடும், பெட்ரோல் ஒழுங்கா வராது. கொஞ்ச தூரம் நல்லாப் போய்க்கிட்டிருந்த வண்டி மேட்டுல இழுத்து இழுத்து நின்னுடும். நீ எறங்கி, ஹெல்மெட்டைக் கழட்டி, அதை நாலு வார்த்தை திட்டி முடிக்கறதுக்குள்ள காத்து மெல்லக் கசிஞ்சு உள்ள போயிடும், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆயிடும். திட்டுனதாலதான் ஓடுச்சின்னு நீ நினைச்சுக்குவே.

அடுத்த தடவை திணறுனா ஓரமா நிறுத்தி மூடியைத் தொற. "புஸ்"ஸுன்னு காத்து உள்ள இழுத்து, அதுக்கப்புறம் வண்டி ஒழுங்கா ஓடுனா ஆளு மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். வெயில்ல நின்ன வண்டியில வெளிய விடற புஸ்ஸு வேற, அது ஆவி. உள்ள இழுக்கற புஸ்ஸைத்தான் கவனிக்கணும். மூடியைச் சுத்தம் பண்ணுனா வேலை முடிஞ்சுது. செலவு ஒண்ணும் கிடையாது. செலவில்லாத வைத்தியத்தை எவன்டா நம்பறான்?

அந்தக் காலத்துல ஃபில்டர் மாத்தற தொல்லையெல்லாம் கொறைச்சல். டிவிஎஸ் 50 மொபெட்டு 1980ல ஓசூர்லேர்ந்து வந்தப்ப ஓசூரே தர்மபுரி மாவட்டம்தான். 2004ல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனப்ப ஓசூரும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அந்த வண்டிங்கள்ல டேங்க் மேல, கார்புரேட்டர் கீழ. பெட்ரோல் தன் பாரத்துலயே எறங்கும். அடியில ஒரு திருகு, அதுக்குள்ள ஒரு சின்ன வலை. ஃபில்டர்னு தனியாப் போட்டாலும் டியூப்ல செருகுற கண்ணாடி கணக்கா ஒரு குப்பிதான். அழுக்கு வெளியிலேர்ந்தே தெரியும். குறட்டால கிளிப்பைத் தள்ளிட்டு, பழசை உருவிட்டு, புதுசைச் செருகிட்டு, ஆறிப் போறதுக்குள்ள டீயைக் குடிச்சு முடிக்கலாம்.

2020 ஏப்ரல் 1ந் தேதியிலேர்ந்து பிஎஸ்-6 விதி வந்துச்சு. புதுசா வர்ற வண்டியில அநேகமா கார்புரேட்டர் காலி. தேங்காய் மூட்டையும் பால் கேனும் ஏத்தற எக்ஸ்எல் 100க்கே இஞ்செக்‌ஷன் வந்துருச்சுன்னா பாத்துக்கோ. பெட்ரோல் இப்ப சும்மா எறங்கறதில்லை. டேங்க் உள்ளயே ஒரு பம்ப் முங்கிக் கெடக்குது. நீ சாவியைத் திருப்புனதும் "ஙொய்ய்"ன்னு ரெண்டு நொடி ஒரு சத்தம் வருதே, அதுதான். இஞ்செக்டர் ஓட்டை ரொம்பச் சன்னம். அதுல தூசி போகக் கூடாதுன்னுதான் ஃபில்டரைப் பம்போட சேத்து டேங்க் வயித்துக்குள்ளயே வெச்சுட்டான். வீட்டுக்காரன் நகையை எங்க வெப்பானோ அங்க வெச்சிருக்கான், நீ தேடி எடுக்கப் போறே.

இந்தப் பம்ப் தள்ளற அழுத்தம் எவ்வளவுன்னு தெரியுமா? அநேக வண்டியில சுமாரா 3 பார். டயர்க் கடைக் கணக்குல சொன்னா 43 பவுண்டு. உன் பின் டயர்லயே 30 பவுண்டு சொச்சம்தான் காத்து. வண்டியை அணைச்சாலும் அந்தக் குழாயில அழுத்தம் அப்படியே நிக்கும். அதனால நீ ஒண்ணு பண்ணு. எஞ்சின் நல்லாச் சூடா இருக்கறப்பவே, மூஞ்சியை நேராக் கொண்டுபோய் வெச்சுக்கிட்டு, குழாயைப் படக்குன்னு புடுங்கு. அதையும் வீடியோ எடுக்க மறந்துடாதே. உன் கல்யாணத்துக்குக் காட்டலாம், கல்யாணம்னு ஒண்ணு நடந்தா.

அது வேணாம்னு தோணுச்சின்னா, கெழவன் சொல்றபடி கேளு. சாவியை அணைச்சிட்டு, பம்புக்குத் தனியா ஃபியூஸ் இருந்தா உருவு. இல்லாட்டி பம்போட ஒயர் சாக்கெட்டைக் கழட்டு. அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணு. குழாயில மிச்சம் இருக்கறதைக் குடிச்சிட்டுத் தானா அணைஞ்சுடும். இன்னொரு தரம் பட்டனை அமுக்கி, அணைஞ்சது நிசந்தானான்னு பாத்துக்க. வண்டி நல்லா ஆறட்டும். பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டி ஓரமா ஒதுக்கு. அதுக்கப்புறம்தான் குழாய்கிட்டயே போகணும். அப்பவும் மேல ஒரு பழைய துணியைச் சுத்திக்கிட்டு, லாக்கை அமுக்கி, மெல்ல உருவணும். அந்த லாக் பிளாஸ்டிக். ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நெம்புனா உடைஞ்சு போய் உன்னையே பாத்துச் சிரிக்கும்.

எடம் எங்கன்னு யோசிச்சியா? "கொல்லப்புறத்துல தாத்தா." பேஷ்! உங்க ஆயா வெந்நீர் அடுப்பு எரியற எடத்துக்குப் பக்கமா? ரொம்ப வசதி. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், கண்ணுக்குத் தெரியாம தரையோட தரையாத் தவழ்ந்து போகும். மைனஸ் 40 டிகிரி குளிர்லயே நெருப்பு காட்டுனா பத்திக்கிற அளவுக்கு ஆவி விடற சாமான்டா அது. நம்ம சித்திரை வெயிலுக்குக் கேக்கவா வேணும்? அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, எதிர் வீட்டு மாமனோட பீடி, எதுவும் கிட்டத்துல கூடாது. திறந்தவெளியில, பகல் வெளிச்சத்துல செய்யி. பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில தண்ணியை ஊத்துனா தீ தண்ணி மேல மெதந்து ஊர்வலம் போகும். ஆத்தங்கரையில குடியிருந்துக்கிட்டு வாளி மணலுக்கு எங்க போறதுன்னு கேக்காதே, வீடு கட்டுறவன் எவனாவது மணலுக்குக் குடுத்த காசைச் சொல்லி அழுவான்.

டேங்க்ல இருக்கற பெட்ரோலை வெளிய எடுக்கணுமில்ல, அதுக்கு டியூபை வாயில வெச்சு உறிஞ்சுற வீரன் நம்ம ஊர்ல நெறைய உண்டு. ஒரு வாய் உள்ள போய் நுரையீரல்ல எறங்குச்சின்னா அந்த வீரத்தைத் தர்மபுரி பெரியாஸ்பத்திரியிலதான் காட்டணும். கைப்பம்பு கடையில கெடைக்குது. இன்னும் சுளுவான வழி, பெட்ரோலை ஓட்டியே தீர்த்துட்டு, கால் டேங்க்குக்குக் கம்மியா இருக்கறப்ப வேலையை ஆரம்பிக்கறது. கால் டேங்க்குக்கு மேல உன் வண்டி எப்பவாவது பாத்திருக்குதா? அந்த விஷயத்துல நீ முன்னாடியே தயார்.

அதுலயும் ஒண்ணு இருக்குது, சொல்லிடறேன். அந்தப் பம்ப் சூடு ஆறறதே சுத்தி இருக்கற பெட்ரோல்லதான். எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுறவன் பம்பைச் சூட்டுலயே வேக வைக்கறான். பம்ப் தளர்ந்தாலும் வண்டி மேட்டுல திணறும். அப்பவும் பழி ஃபில்டர் தலையிலதான் விழும்.

இப்ப அந்தப் பொட்டலத்தை எடு. உன் வண்டிக்கு வந்ததுதானா அது? பல வண்டியில ஃபில்டரைத் தனியா விக்கறதே இல்லை, பம்போட சேத்து மொத்தமாத்தான் குடுப்பான். சிலதுல வெளியே குழாய்ல தனியா இருக்கும், அது உனக்கு அதிர்ஷ்டம். வண்டி வாங்குனப்ப ஒரு புஸ்தகம் குடுத்தாங்களே, எங்க அது? பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காம பீரோவுல பத்திரமா இருக்குமே. அதுல எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும், மாத்தணுமா வேணாமான்னே எழுதியிருப்பான். வாரண்டி இருக்கற வண்டியில நீயே டேங்க்கைப் பிரிச்சேன்னு தெரிஞ்சா அப்புறம் கம்பெனிக்காரன் உன்னைப் பாத்துக் கும்பிட்டு அனுப்பிடுவான்.

எல்லாம் பொருந்தி, சீட்டைக் கழட்டி, டேங்க் போல்ட்டைக் கழட்டி, ஒயரும் சின்ன டியூபும் விட்டு, டேங்க்கைத் தூக்கிக் கோணிச்சாக்கு மேல கவுத்து வெச்சுட்டேன்னு வெச்சுக்குவோம். கவுக்கறதுக்கு முன்னாடி மிச்சத்தையும் காலி பண்ணியிருக்கணும், அதையும் நானே சொல்லணும். பம்பை மூடியிருக்கற தகட்டைச் சுத்தி மண்ணு அப்பியிருக்கும். போல்ட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி அதைத் தொடைச்சு எடு. இல்லாட்டி, தூசியை வடிகட்டுற சாமானை மாத்தப் போயி டேங்க் உள்ள மண்ணை அள்ளிப் போட்ட புண்ணியம் உனக்கு வந்து சேரும்.

பம்பை நேரா மேல இழுக்காதே. அதோட பக்கவாட்டுல ஒரு சன்னமான கம்பி நீட்டிக்கிட்டு, முனையில ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் எவ்வளவு இருக்குதுன்னு மீட்டருக்குச் சொல்றது அதுதான். கம்பியை ஓட்டைக்கு நேராத் திருப்பி, சாய்ச்சு, கொழந்தை கையைச் சட்டையிலேர்ந்து எடுக்கற பதத்துல எடுக்கணும். அவசரத்துல அந்தக் கம்பி ஒரு நூல் வளைஞ்சுதுன்னா போச்சு. அப்புறம் உன் மீட்டர் காலி டேங்க்கை அரை டேங்க்னு காட்டும். அதை நம்பிக் காட்டு ரோட்டுல போவே. யானை கடக்கற எடத்துல போய் நிப்பே.

தகட்டுக்கு அடியில ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஓ-ரிங்னு சொல்றது. இதைக் கண்ணை விரிச்சுப் பாரு. கழட்டுன ஒடனே எடுத்து அதே பள்ளத்துல வெச்சுப் பாத்தியானா உக்காராது. பெட்ரோல்லயே ஊறி ஊறிப் பெருத்துப் போயிருக்கும், ஒரு பக்கம் அமுக்குனா மறுபக்கம் எழும்பும். அதை எப்படியோ திணிச்சு, மேல கெடைச்ச பசையைப் பூசி, "முடிச்சிட்டேன் தாத்தா"ன்னு வந்து நிப்பே. பூசுனது பெட்ரோல்ல கரைஞ்சு பிசுபிசுத்துப் புது ஃபில்டர்லயே போய் அப்பும், ஒழுகறது சூடான எஞ்சின் மேல சொட்டும். புது ஓ-ரிங் வாங்காம டேங்க்கைத் தொறக்கவே தொறக்காதே. போல்ட்டை ஒரு பக்கமா வரிசையா முறுக்காம எதிர் எதிரா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு.

ஃபில்டர் மேல அம்புக்குறி இருந்தா பெட்ரோல் போற பக்கம் பாத்து மாட்டு. டியூப் மாத்தற மாதிரி இருந்தா, கார்புரேட்டர் வண்டிக்கு மீட்டர் கணக்குல வெட்டித் தர்றதை வாங்கிட்டு வராதே. 43 பவுண்டுக்கு அது உப்பி வெடிக்கும். டேங்க் உள்ள முங்கிக் கெடக்கற டியூபுக்கு ரகமே வேற. பழைய ஃபில்டரைக் காத்துல ஊதிச் சுத்தம் பண்ணிக்கலாம்னு ஒரு யோசனை உனக்கு வந்திருக்குமே? உள்ள இருக்கறது காகிதம்டா. ஊதுனா கிழியும், கிழிஞ்ச ஃபில்டர் ஒண்ணையும் தடுக்காது. வண்டி மட்டும் ரொம்ப நல்லா ஓடற மாதிரித் தெரியும், இஞ்செக்டர் அடைக்கற வரைக்கும்.

ஃபில்டர் எல்லாத்தையும் தடுத்துடும்னு நம்பறே பாரு, அதுக்கு நம்ம மாவட்டத்துலயே ஒரு பாடம் இருக்குது. தர்மபுரிச் சீமையில கெணத்துத் தண்ணி கண்ணுக்குப் பளிங்காத்தான் இருந்துச்சு. துணியில வடிகட்டுனாங்க, காய்ச்சிக் குடிச்சாங்க. இருந்தும் பல்லு காவி ஏறுச்சு, எலும்பு வளைஞ்சுது. தண்ணியில கரைஞ்சு கெடக்கற ஃபுளோரைடு துணியில நிக்காது, காய்ச்சுனா தண்ணிதான் கொறையும், அது கொறையாது. கடைசியில ஜப்பான் கடன் வாங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல செலவழிச்சு, இங்க நம்ம காவிரித் தண்ணியை எடுத்துத் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் குழாயில அனுப்புனாங்க. 2013 மே மாசம் திறந்தாங்க. வடிகட்டி சரியாகலை, தண்ணியையே மாத்த வேண்டி வந்துச்சு.

பெட்ரோல் கதையும் அதுதான். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்க. 2023ல ஆரம்பிச்சு, 2025க்குள்ள நாடு பூரா அந்த அளவுக்குக் கொண்டாந்துட்டாங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணின்னா பெட்ரோலோட கலந்தே ஃபில்டரைத் தாண்டிப் போயிடும். தண்ணி அளவு மீறிச்சின்னா எத்தனாலையும் கூட்டிக்கிட்டுத் தனியாப் பிரிஞ்சு டேங்க் அடியில போய்ப் படுத்துக்கும். பம்போட வாய் இருக்கறதும் அதே அடியிலதான். மூடி ரப்பர் கிழிஞ்ச வண்டியை மழையில நிறுத்திட்டு, நாள் கணக்குல எடுக்காமப் போட்டு வெச்சிருந்தா நீ பத்து ஃபில்டர் மாத்துனாலும் திணறல் நிக்காது. வெள்ளைக் கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பெட்ரோல் புடிச்சு, மூடி, நிழல்ல வெச்சுட்டுப் பாரு. அடியில தனியா ஒரு அடுக்கு நின்னுச்சின்னா மாத்த வேண்டியது பெட்ரோலை. உன் வண்டி 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்ததா இருந்தா டியூபு, ரப்பர் சாமானையும் ஒரு கண்ணு பாத்துக்க. அதெல்லாம் இந்த அளவு எத்தனாலை மனசுல வெச்சுச் செஞ்சதாத்தான் இருக்கணும்னு இல்லை.

இவ்வளவு கேட்டும் செய்யறதாத்தான் முடிவு பண்ணியிருந்தா செய்யி, தடுக்கலை. கெட்டிக்காரப் பய நீ, கை பதனமா இருந்தா நல்லாவே செய்வே. ஆனா அதுக்கு முன்னாடி பென்னாகரத்துலயோ தர்மபுரியிலயோ கேஜ் வெச்சிருக்கற மெக்கானிக்கிட்ட ஒரு தரம் அழுத்தத்தை அளக்கச் சொல்லு. முறுக்கற நேரத்துலயும் சரியான அழுத்தம் காட்டுச்சின்னா ஃபில்டர் குத்தவாளி இல்லை, வண்டியைப் பிரிக்காமயே விட்டுடு. பிரிச்சு மாட்டுனா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவியை நாலஞ்சு தரம் போட்டுப் போட்டு அணை. பம்ப் குழாயை நெரப்பட்டும். காஞ்ச துணியால ஒவ்வொரு இணைப்பையும் ஒத்தி எடுத்து ஈரம் இருக்குதான்னு பாரு. சொட்டு ஈரம் இருந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதே. ஓட்டிப் பாக்கறதை ஊருக்குள்ள பகல்ல ஓட்டிப் பாரு. பொழுது சாஞ்சதும் காட்டு வழியில போய்ச் சோதிக்காதே. யானைக்கு உன் ஃபில்டர் புதுசுன்னு தெரியாது.

அப்புறம், டேங்க்லேர்ந்து வடிச்ச அழுக்குப் பெட்ரோலைக் கொண்டுபோய் ஆத்துலயோ சின்னாத்துலயோ ஊத்திட்டு வராதே. மூடி போட்ட கேன்ல புடிச்சு மெக்கானிக் கடையில குடு, சாமான் கழுவ வெச்சுக்குவான். இந்தத் தண்ணியைத்தான் ரெண்டு மாவட்டம் குடிக்குது.